மேடையில் மின்னணு ஒலிகளைக் கையாள்வது குறித்து உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

கிட்டார், பேஸ் கிட்டார், ஒரு ஸ்நேர் டிரம், ஒரு சிம்பல் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு தமிழில் சொந்தப் பாடல்களை இசைக்கும் மூவர் குழு எங்களுடையது. சென்னை வளசரவாக்கத்தில் பயிற்சி செய்கிறோம். அமெரிக்காவின் டுலூத் நகரைச் சேர்ந்த ‘லோ’ குழு 2018ஆம் ஆண்டு வெளியிட்ட ‘டபுள் நெகட்டிவ்’ தொகுப்பைக் கேட்ட பிறகு, எங்கள் அடுத்த தொகுப்பில் மின்னணு ஒலிகளைச் சேர்க்கும் எண்ணம் வலுத்துள்ளது. 1993இல் மிகக் குறைந்த கருவிகளோடு மிக மெதுவான இசையைத் தொடங்கிய அக்குழு, தயாரிப்பாளர் பி.ஜே. பர்ட்டனுடன் சேர்ந்து அத்தொகுப்பில் கிட்டாரையும் குரலையும் பல இடங்களில் அடையாளம் தெரியாத அளவுக்குச் சிதைத்திருக்கிறது. ஆயினும் பாடல்களின் எளிமை கெடவில்லை. சின்தசைசர்களை அடுக்குவதைவிட இதுவே எங்களுக்கு உகந்த வழி என்று கருதுகிறேன்.

தாள ஒலி எழும்போதெல்லாம் மற்ற ஒலிகள் அமுங்கி மீளும்படி செய்யும் சைட்செயின் கம்ப்ரஷனைக் கணினியில் எளிதாகச் செய்துவிடுகிறோம். மேடையில்தான் சிக்கல். முன்கூட்டிப் பதிவுசெய்த தடத்தை ஓடவிட்டு அதன்மேல் வாசிப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை; பாடுபவர் வேகத்தைக் குறைத்தால் மின்னணு ஒலியும் கூடவே குறைய வேண்டும். டிரம்மில் டிரிகர் (அடியை உணர்ந்து மின்சைகை அனுப்பும் உணரி) பொருத்தி இதை இயக்கிய அனுபவம் உள்ளவர்கள், எந்தக் கருவியைப் பயன்படுத்தினீர்கள் என்பதையும் ஒலித்தாமதம் வாசிப்பைப் பாதித்ததா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மேலும், மின்னணுத் தம்புராவின் ஒலியை (சபா மேடைகளே ஏற்றுக்கொண்ட மின்னணுக் கருவி அல்லவா!) ஒலியைச் சிதைக்கும் டிஸ்டார்ஷன் பெடல் வழியே அனுப்பிப் பார்க்க விரும்புகிறோம். அதை நேரடியாகப் பெடலில் இணைக்கலாமா, இடையில் ரீஆம்ப் பெட்டி (ஒலிச்சைகையைக் கிட்டார் பெடலுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) தேவையா? இவ்வகை இணைப்புகளில் தேர்ந்த ஒலிப்பொறியாளர் எவரையேனும் நகருக்குள் அறிந்திருந்தால் அறிமுகப்படுத்துங்கள். உரிய கட்டணம் தருகிறோம்.