கடல்நீரில் இரும்பைப் பிடித்து வைத்திருப்பது எது? சைடரோஃபோரா, பொதுவான கரிமக் கலவையா?

ஆழ்கடல்:
கடல்நீரில் கரைந்திருக்கும் இரும்பில் 99 சதவீதத்துக்கு மேல் கரிம மூலக்கூறுகளோடு கட்டுண்டுதான் இருக்கிறது. 1994, 1995 அளவீடுகளிலேயே இது தெரிந்துவிட்டது, அதில் எனக்கு யாரோடும் சண்டை இல்லை. அந்தப் பிடிப்பு இல்லையென்றால் பிஎச் 8 உள்ள நீரில் இரும்பு ஹைட்ராக்சைடாகத் திரண்டு துருப்போலக் கீழே போய்விடும். எந்த மூலக்கூறு பிடிக்கிறது என்பதுதான் கேள்வி. என்னைக் கேட்டால் பாக்டீரியா இரும்புக்காகவே செய்து வெளியே விடும் சைடரோஃபோர்தான். அவற்றில் ஒன்றான டெஸ்ஃபெரியாக்சமைன் பி-யைப் பாருங்கள், ஆறு ஆக்சிஜன்களால் இரும்பைச் சுற்றி வளைத்துக் கவ்வுகிறது, பிடிப்பின் வலுவைச் சொல்லும் பிணைப்பு மாறிலி 10-இன் 30ஆம் அடுக்கு. சும்மா மிதக்கும் மக்கிய கரிமத்தால் இதோடு போட்டி போட முடியுமா?

உப்புநீர்:
ஆழ்கடல், அந்த 30ஆம் அடுக்கு தனித்த இரும்பு அயனிக்கு உரியது. கடலில் இரும்பு தனியாக எங்கே இருக்கிறது, ஹைட்ராக்சைடு அதை முன்பே பிடித்துக்கொள்கிறது. அந்தப் போட்டியையும் சேர்த்துக் கணக்கிட்டால் கடல்நீரில் அளக்கப்படும் மாறிலிகள் பெரும்பாலும் 11 முதல் 13ஆம் அடுக்குக்குள்தான் வருகின்றன.

அப்புறம் அளவைப் பாருங்கள். இதுவரை நேரடியாகப் பிரித்தெடுத்த சைடரோஃபோர்கள் பல இடங்களில் லிட்டருக்குச் சில பிக்கோமோல் (நானோமோலில் ஆயிரத்தில் ஒரு பங்கு), கூடிப்போனால் சில பத்து பிக்கோமோல். ஆழ்நீரில் இரும்பு 0.6 நானோமோல், அதாவது 600 பிக்கோமோல். மிச்ச இரும்பை எது தாங்குகிறது? கரைந்த கரிமக் கார்பன் லிட்டருக்கு 40 முதல் 80 மைக்ரோமோல் இருக்கிறது, ஒரு இரும்பு அணுவுக்கு எதிரே ஏறக்குறைய ஒரு லட்சம் கார்பன் அணு. அந்தப் பெருங்கலவையில் ஆக்சிஜனால் இரும்பைப் பிடிக்கும் கார்பாக்சில், பீனால் தொகுதிகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் அமைந்த இடங்கள் அங்கங்கே சில இருந்தாலே போதும்.

ஆழ்கடல்:
பக்கத்தில் அமைந்தால் போதும் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். கடலில் மக்னீசியம் 53 மில்லிமோல், கால்சியம் 10 மில்லிமோல். உங்கள் கார்பாக்சில் தொகுதிகளில் அவைதானே முதலில் போய் உட்காரும். ஆற்றுநீர் கடலில் கலக்கும் இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், ஆறு கொண்டுவரும் இரும்பில் பெரும்பகுதி உப்புப் பட்டதும் திரிந்து படிந்துவிடுகிறது. ஹியூமிக் பொருள், அதாவது ஆறு கொண்டுவரும் மக்கிய கரிமம், அத்தனை பலமாகப் பிடித்திருந்தால் அது நடந்திருக்கக் கூடாது.

உப்புநீர்:
படியாமல் தப்பிக்கும் பகுதியைப் பற்றித்தான் பேசுகிறேன். ஆர்க்டிக்கில் சைபீரிய ஆறுகளின் ஹியூமிக் பொருளைத் துருவம் தாண்டி இழுத்துப் போகும் நீரோட்டம் ஒன்று இருக்கிறது. கரையிலிருந்து அவ்வளவு தூரத்தில், நடு ஆர்க்டிக்கின் மேல்நீரில், ஹியூமிக் கூடிய இடத்தில் கரைந்த இரும்பும் கூடுகிறது. ஆற்றிரும்பில் சிறு பங்குதான், ஆனால் கடலின் கணக்கில் அது சிறிதே இல்லை.

பாதரசத்துளி:
இடையில் வருகிறேன், இந்த மாறிலிகளை அளக்கும் டைட்ரேஷனைக் கையால் செய்பவள் நான். பத்துப் பன்னிரண்டு டெஃப்லான் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரே கடல்நீர், அதில் இரும்பைப் படிப்படியாகக் கூட்டிச் சேர்ப்போம். பிறகு சாலிசிலால்டாக்சைம் போன்ற போட்டி ஈனி ஒன்றை, அதாவது இரும்புக்காகக் கரிமத்தோடு போட்டியிடும் மூலக்கூறை, விட்டு இரவு முழுக்க வைத்துவிடுவோம். இரும்பு யார் பக்கம் எவ்வளவு போனது என்பதை மறுநாள் பாதரசத் துளியில் எழும் மின்னோட்ட முகடு காட்டும். முதல் சில குப்பிகளில் முகடு எழவே எழாது, நீரிலுள்ள கரிமம் அத்தனை இரும்பையும் விழுங்கிவிடும், அப்புறம் மெல்லத் தலை தூக்கும். நூறு முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. ஒருமுறை கப்பலில் மேல்தளத்துத் துருத்தூள் ஒரு குப்பியில் விழுந்து, பதினோரு மணி நேர வேலை மொத்தமும் போயிற்று. அளப்பது அவ்வளவு நுண்ணிய அளவு.

சேர்க்கும் போட்டி ஈனி வலுவானதாக இருந்தால் வலுவான பிடிப்புகள்தான் கண்ணில் படும், மென்மையானதாக இருந்தால் மென்மையானவையும் தெரியும். வலுவானதை எல் ஒன்று, அதைவிட மென்மையானதை எல் இரண்டு என்று வகை பிரிப்பது வளைகோட்டுக்குப் பொருத்திப் பார்க்க நாம் வைத்த பெயர். கடலில் இருப்பது தொடர்ச்சியான ஒரு வரிசை என்றுதான் என் கைக்குத் தோன்றுகிறது. நீங்கள் இருவரும் அந்த வரிசையின் இரண்டு முனைகளில் நிற்கிறீர்கள்.

ஆழ்கடல்:
சரி, இருப்பில் பெரும்பகுதி பொதுக் கரிமத்திடம் என்று வைத்துக்கொள்வோம். உயிர்களுக்கு எது முக்கியம்? 2016இல் வெளிவந்த ஆய்வில், இரும்பு மிகக் குறைந்த பசிபிக் பகுதியில் ஆம்ஃபிபாக்டின் என்ற சைடரோஃபோர் நீரில் இருப்பது தெரியவந்தது. அதற்குக் கொழுப்பு வால் உண்டு, செல்லை ஒட்டியே நிற்கக்கூடியது. பசி கூடிய இடத்தில் இப்படிப்பட்ட மூலக்கூறு இருப்பது தற்செயலா? இன்னொன்று, அக்வாகெலின் போன்ற சைடரோஃபோர்கள் இரும்போடு கட்டுண்ட நிலையில் வெயில் பட்டால் சிதைந்து, இரும்புக்கு எலக்ட்ரான் கொடுத்து அதை ஒடுக்கி விடுகின்றன. மேல்நீரில் இரும்பைப் புழக்கத்தில் வைப்பது இவைதான்.

உப்புநீர்:
பாக்டீரியாவுக்குச் சரி. டயாட்டம்கள் என்ற மிதவைப் பாசிகளுக்கு அப்படியில்லை. அவை இரும்பைச் செல் பரப்பில் வைத்து ஒடுக்கி எடுப்பவை, தளர்வாகக் கட்டுண்ட இரும்புதான் அவற்றுக்கு எளிது. கடல்நீர்க் குப்பியில் டெஸ்ஃபெரியாக்சமைன் பி-யைச் சேர்த்தால் டயாட்டம்கள் இரும்பு கிடைக்காமல் பட்டினி கிடக்கின்றன, பல இடங்களில் செய்து பார்த்த சோதனை இது. தென்பெருங்கடலில் நைட்ரேட் நிறைந்திருந்தும் இரும்பில்லாமல் மிதவைப் பாசி வளராமல் நிற்கிறதே, அங்கே உங்கள் சைடரோஃபோர் அவற்றுக்குப் பூட்டுத்தான்.

ஆழ்கடல்:
அந்தச் சோதனைகளில் சேர்ப்பது நானோமோல் கணக்கில். கடலில் இருப்பது அதைவிட எவ்வளவோ குறைவு. பிக்கோமோல் அளவு சைடரோஃபோரால் டயாட்டம்களைப் பட்டினி போட முடியாது.

உப்புநீர்:
முடியாதுதான். ஆனால் அதே பிக்கோமோல் அளவு 600 பிக்கோமோல் இரும்பைத் தாங்கவும் முடியாது. நான் முதலில் சொன்ன கணக்கு அதுதானே!

பாதரசத்துளி:
இந்த மாதம் எடுத்த மேல்நீர் மாதிரி என்னிடம் மிச்சம் இருக்கிறது. போட்டி ஈனியை இரண்டு செறிவில் வைத்து ஓட்டுகிறேன். வழக்கமாக பிஎச் 8.2இல் நிறுத்துவோம், இந்த முறை 7.8இலும் ஒரு வரிசை போடுகிறேன். அந்த பிஎச் வேறுபாட்டில் இரும்பின் பிடிப்பே மாறும். வளைகோட்டை இங்கேயே போடுகிறேன்.