அமீபா விழுங்கிய பாக்டீரியா ஏன் சாவதில்லை?

நீர்த்துளி:
நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அமீபாவுக்கு பாக்டீரியாதான் சாப்பாடு என்று ஒரு பாடத்தில் வருகிறது, அடுத்த பாடத்திலேயே லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா அமீபாவுக்குள் பெருகுகிறது என்கிறார்கள். இரையாகப் போனது அங்கேயே எப்படிக் குடித்தனம் நடத்துகிறது? அதற்கும், இதே லெஜியோனெல்லாவால் மனிதர்களுக்கு வரும் நிமோனியாவுக்கும் என்ன சம்பந்தம்?

வெள்ளணு:
விழுங்குவது வரை எல்லாம் வழக்கம்போலத்தான். பொய்க்காலை நீட்டி வளைத்து ஒரு பைக்குள் அடைக்கும், அந்தப் பையோடு செரிக்கும் நொதிகள் நிறைந்த லைசோசோம் வந்து சேர்ந்தால் பாக்டீரியா கதை முடிந்தது. லெஜியோனெல்லா அந்தச் சேர்க்கையைத்தான் தடுக்கிறது. ஊசி போடுவது மாதிரியான ஓர் அமைப்பு அதனிடம் இருக்கிறது (டாட்/ஐசிஎம் என்பார்கள்), அதன் வழியாக 300-க்கும் மேற்பட்ட புரதங்களை அமீபாவுக்குள் செலுத்தி, எண்டோபிளாச வலையிலிருந்து (செல்லுக்குள் புரதம் தயாராகும் சவ்வு வலை) கிளம்பும் குமிழ்களைத் தன் பக்கம் இழுத்துப் பையின்மேல் போர்த்திக்கொள்கிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் கிடைத்தால் அவசியம் பாருங்கள், பையைச் சுற்றி, புரதம் செய்யும் ரைபோசோம்கள் புள்ளி புள்ளியாக ஒட்டியிருக்கும்.

நம் நுரையீரலில் மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல் செய்வதும் இதே விழுங்கும் வேலைதானே? அமீபாவிடம் பழகிய வித்தை அங்கேயும் பலிக்கிறது. இந்த நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது மிக மிக அரிது, அதனால் அது நம்மிடம் கற்ற வித்தையாக இருக்க வழியில்லை.

குழாய்க்காரர்:
கூலிங் டவர் (நீரைக் குளிரவைக்கும் கோபுரம்) பராமரிப்பில் இருப்பவன் நான். குளோரின் போட்டு, பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்து, சில வாரம் கழித்து லெஜியோனெல்லா திரும்ப வந்ததைப் பார்த்திருக்கிறேன். சூழல் மோசமானால் அகந்தமீபா என்ற அமீபா இரட்டைச் சுவர் கட்டி சிஸ்ட் (உறங்கும் கூடு) ஆகிவிடும், உள்ளே இருக்கும் பாக்டீரியாவுக்கும் அதுவே கோட்டை. லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரினைக்கூட அப்படித் தாங்கியது ஆய்வகத்தில் காட்டப்பட்டிருக்கிறது. தண்ணீரை மட்டும் சோதித்துவிட்டு விடாதீர்கள், குழாய்ச் சுவரில் படியும் வழவழப்பைச் சுரண்டி எடுங்கள். அமீபா மேய்வது அங்கேதான்.

நீர்த்துளி:
நன்றி. அப்படியானால் எப்போதும் அமீபாதான் தோற்கிறதா?

வெள்ளணு:
இல்லை, வெப்பநிலையைப் பொறுத்தது. 20 டிகிரிக்குக் கீழே பெரும்பாலும் அமீபா செரித்துவிடும், வெதுவெதுப்பான நீரில்தான் ஆட்டம் மாறுகிறது. அப்புறம் ஒன்று: 1976-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் லெஜியோனெல்லா நிமோனியா கொள்ளைநோயாக வந்தது, ஆனால் லெஜியோனெல்லா அமீபாவுக்குள் வளர்வதை ரௌபாதம் என்ற ஆய்வாளர் 1980-இல்தான் காட்டினார். அமீபாவையே தூண்டிலாக வைத்து பாக்டீரியாவைப் பிடிக்கும் முறையும் அவருடையதுதான். அப்படி 1992-இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரக் கூலிங் டவர் நீரிலிருந்து சிக்கிய ஒன்றை பாக்டீரியா என்றே நினைத்து வைத்திருந்தார்கள். 2003-இல் பார்த்தால் அது ஒரு ராட்சத வைரஸ், மிமிவைரஸ்!