உதவி: பவர் பேங்கில் போட்டால் மட்டும் ராஸ்பெர்ரி பை ரீபூட் ஆகிறது, தொடுதிரையும் தலைகீழ்

கேள்வி

வணக்கம். மலைக் கிராமம் ஒன்றில் மாலை வகுப்பு நடத்தும் நண்பர்களுக்காக, கையில் தூக்கிப் போகிற மாதிரி ஒரு தொடுதிரைக் கணினி கட்டிக்கொண்டிருக்கிறேன். அங்கே சிக்னல் கிடையாது, சாயங்காலம் கரண்ட்டையும் நம்ப முடியாது. அதனால் தமிழ் விக்கிப்பீடியாவை, நெட் இல்லாமலே படிக்க உதவும் கிவிக்ஸ் என்ற மென்பொருளில் இறக்கி மெமரி கார்டிலேயே வைத்துவிட்டேன். பிள்ளைகள் விரலால் தொட்டுத் தேடிப் படிக்க வேண்டும், அதுதான் தேவை.

உள்ளே இருப்பது ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினிப் போர்டு (4 ஜிபி; சுருக்கமாக ‘பை’), அதற்கென்றே வரும் பழைய 7 அங்குல தொடுதிரை (800 x 480), 10,000 எம்ஏஎச் பவர் பேங்க். இயங்குதளம் ராஸ்பெர்ரி பை ஓஎஸ், புக்வார்ம் பதிப்பு.

பையோடு வந்த அடாப்டரில் நாள் முழுக்க ஓடுகிறது. பவர் பேங்கில் மாட்டினால் டெஸ்க்டாப் வரைக்கும் ஒழுங்காக வருகிறது. கிவிக்ஸில் ஒரு பெரிய கட்டுரையைத் திறந்ததுமே வோல்டேஜ் குறைவு என்று எச்சரிக்கை வந்து, திரை மங்கி, ரீபூட் ஆகிவிடுகிறது. பவர் பேங்க் மேல் 5 வோல்ட் 3 ஆம்பியர் என்றுதான் போட்டிருக்கிறது. இதைவிடப் பெரிதாக வாங்க வேண்டுமா?

இன்னொன்று: பெட்டிக்குள் பொருந்துவதற்காகத் திரையைத் தலைகீழாக வைத்தேன். படத்தைத் திருப்பி நேராக்கிவிட்டேன், ஆனால் மேல் இடது மூலையைத் தொட்டால் கீழ் வலது மூலையில் க்ளிக் ஆகிறது.

பதில் 1

தம்பி, பவர் பேங்க் மாற்றுவதற்கு முன்னால் கொஞ்சம் அளந்து பாருங்கள். டெர்மினலில், வோல்டேஜ் குறைந்ததா என்று காட்டும் ‘விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்டு’ கட்டளையைக் கொடுத்து என்ன எண் வருகிறது என்று சொல்லுங்கள். அப்புறம் மல்டிமீட்டரை ஜிபிஐஓ வரிசையில் (போர்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பின்கள்) 2ஆம் பின்னிலும் (5 வோல்ட்) 6ஆம் பின்னிலும் (கிரவுண்ட்) வைத்து, சும்மா இருக்கும்போது ஒரு தடவை, கட்டுரை திறக்கும்போது ஒரு தடவை பாருங்கள். பக்கத்துப் பின்னில் முனை பட்டு ஷார்ட் ஆகிவிடாமல் ஜாக்கிரதை.

பதில் 2

பவர் பேங்குக்குப் பதிலாக 18650 செல் (உருளை வடிவ லித்தியம் செல்) இரண்டை பேரலலாகப் போட்டு, டிபி4056 சார்ஜிங் போர்டும், வோல்டேஜை 5க்கு ஏற்ற எம்டி3608 பூஸ்ட் போர்டும் வைத்துவிடுங்கள். சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும்.

கேட்டவர்

அண்ணா, 50005 என்று முடிகிறது. பவர் பேங்க் வாயில் 5.05 வோல்ட். பின்னில் சும்மா இருக்கும்போது 4.75, கட்டுரை திறந்தால் 4.5 வரை இறங்குகிறது. கேபிள் முக்கால் மீட்டர் நீளம், போன் சார்ஜருடன் வந்த மெல்லிய கேபிள்.

பதில் 1

அப்படியானால் பவர் பேங்கில் குறை இல்லை, கேபிள்தான் வோல்டேஜை விழுங்குகிறது. கடைசி 5, வோல்டேஜ் இப்போது குறைவு, அதனால் வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு. முன்னால் நிற்கும் 5, பூட் ஆனதிலிருந்து அது ஒரு தடவையாவது நடந்திருக்கிறது என்பதற்கு. பின்னில் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனாலே பை எச்சரிக்கும்.

மெல்லிய கேபிள்களில் உள் வயர் பெரும்பாலும் 28 கேஜ்தான் (கேஜ் எண் கூடக் கூட வயர் மெலியும்). அது மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். கரண்ட் போய்த் திரும்ப வேண்டும், ஆக உங்கள் முக்கால் மீட்டர் கேபிளில் 0.32 ஓம். பையும் திரையும் சேர்ந்து 1.8 ஆம்பியர் இழுத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். நீங்கள் அளந்ததும் அதேதான். மீட்டருக்கு அகப்படாத நொடிநேரச் சரிவுகள் இன்னும் ஆழமாக இருக்கும், ரீபூட் அங்கேதான் நடக்கிறது.

20 சென்டிமீட்டருக்கு மேல் போகாத, தடித்த (22 கேஜ் அல்லது 20 கேஜ்) கேபிள் போடுங்கள். திரைக்குப் பையிலிருந்து ஜம்பர் வயரில் 5 வோல்ட் எடுத்திருந்தால் அதைக் கழற்றிவிட்டு, திரையின் மைக்ரோ யுஎஸ்பி வாயில் பவர் பேங்கின் இரண்டாவது போர்ட்டிலிருந்து தனியாகக் கொடுங்கள்.

பதில் 2 சொன்ன செட்டப் சிறிய போர்டுகளுக்குச் சரி, பை 4க்கு வேண்டாம். 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் என்றால் 10 வாட். 3.7 வோல்ட் செல்லிலிருந்து அதை எடுக்க இழப்பும் சேர்த்து 3 ஆம்பியருக்கு மேல் வேண்டும், செல் இறங்க இறங்க இன்னும் கூடும். அந்தச் சின்ன பூஸ்ட் போர்டு ரொம்பச் சூடாகிவிடும். பிள்ளைகள் மடியில் வைக்கப்போகும் பெட்டியில் அந்த விஷப்பரீட்சை வேண்டவே வேண்டாம்.

பதில் 3

தொடுதிரைக்கு: அமைப்புகளை எழுதும் கான்ஃபிக் கோப்பு, புக்வார்மில் ‘பூட்’ ஃபோல்டருக்குள் ‘ஃபர்ம்வேர்’ என்ற ஃபோல்டரில் இருக்கும். அதில் ‘டிஸ்ப்ளே_ஆட்டோ_டிடெக்ட்’ வரியை முடக்கிவிட்டு, ‘டிடிஓவர்லே’ வரியில் ‘விசி4-கேஎம்எஸ்-டிஎஸ்ஐ-7இன்ச்’ கொடுத்து, பின்னால் காற்புள்ளி போட்டு ‘இன்வ்எக்ஸ்’, ‘இன்வ்ஒய்’ இரண்டையும் சேர்த்துவிடுங்கள். தொடும் இடம் இரண்டு திசையிலும் திரும்பிவிடும்.

கேட்டவர்

இரண்டுமே சரியாகிவிட்டது, ரொம்ப நன்றி! புதுக் கேபிளில் கட்டுரை திறக்கும்போதும் பின்னில் 4.93 நிற்கிறது. எத்தனை மணி நேரம் தாங்கும்? ஓடிக்கொண்டிருக்கும்போதே பவர் பேங்கைச் சார்ஜில் போட்டால் பை ஒரு நொடி அணைந்து எழுகிறது. அதை விட்டுவிடலாமா?

பதில் 1

10,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு, அதாவது 37 வாட் அவர். 5 வோல்ட்டுக்கு ஏற்றும் இழப்பு போக சுமார் 31 வாட் அவர் கையில் நிற்கும். படிக்கும் வேலைக்கு 6 வாட் வைத்தால் ஐந்து மணி நேரம் வரும்.

சார்ஜர் மாட்டும் நொடியில் அவுட்புட்டை விட்டுப் பிடிக்கும் பவர் பேங்க்குகள் நிறைய உண்டு. அதை அப்படியே விட்டால் என்றைக்காவது மெமரி கார்டு கெடும். வகுப்பு முடிந்து அணைத்த பிறகே சார்ஜ் போடச் சொல்லுங்கள். இது படிக்க மட்டுமே பயன்படும் கருவி என்பதால் ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தையும் போட்டுவிடுங்கள், கார்டில் புதிதாக எதுவும் எழுதப்படாது. அணைப்பதற்கு 5, 6ஆம் பின்களுக்கு இடையில் ஒரு புஷ் பட்டன் வைத்து, அதே கான்ஃபிக் கோப்பில் தனியாக இன்னொரு ‘டிடிஓவர்லே’ வரியில் ‘ஜிபிஐஓ-ஷட்டவுன்’ கொடுங்கள். ஒரு அழுத்தில் அணையும், மறுபடி அழுத்தினால் எழும். பட்டன் வரியை முதலில் எழுதிவிட்டு ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தைக் கடைசியாகப் போடுங்கள், அதைப் போட்ட பிறகு எழுதுவது கார்டில் நிற்காது.