புதுப்பிப்பு: சொரியாசிஸ், லைட் சிகிச்சை, என் அரிப்பு

எனக்கு சொரியாசிஸ், தோலில் செதில் செதிலாகத் திட்டு வரும் நோய். அதற்கு லைட் சிகிச்சை (தோலில் புறஊதாக் கதிர் காட்டுவது) ஆரம்பித்த பிறகு அரிப்பு கூடிவிட்டது, நிறுத்திவிடலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். நிறுத்தவில்லை. வாரம் மூன்று நாள் பாம்பனிலிருந்து ராமநாதபுரத்துக்குப் பஸ். இன்றோடு 18 முறை முடிந்தது.

முழங்கைத் திட்டு மெலிந்துகொண்டே வந்தது. ஆனால் தூக்கத்தில் சொறிந்த முன்கையில், நகம் போன கோட்டிலேயே, பத்துப் பன்னிரண்டு நாளில் சிவப்பாக ஒரு வரிசை புதுச் செதில். இதற்குக் கோப்னர் விளைவு என்று பெயராம். சொரியாசிஸ் உள்ளவர்களுக்குத் தோல் காயப்பட்ட இடத்திலேயே புதுத் திட்டு கிளம்பலாம் என்றார் டாக்டர். லைட்டின் 311 நானோமீட்டர் புறஊதாக் கதிர் ஒரு பக்கம் ஆற்ற, மறுபக்கம் நானே புதிதாக விதைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். சொறிந்து புண்ணான இடத்தை அன்று மூடிவிட்டுத்தான் லைட் காட்டினார்கள்.

என் அரிப்புக்குப் பெரும்பாலும் வறட்சிதான் காரணம். கதிரும் தோலை உலர்த்தும், எங்கள் ஊர் உப்புக்காற்றும் உலர்த்தும். குளித்த ஈரம் காய்வதற்குள் வாசலின் தடவுகிறேன். லைட்டுக்கு முன்னால் மட்டும் சாலிசிலிக் அமிலக் களிம்பு போடாதீர்கள், அது கதிரைத் தடுத்துவிடும். அப்புறம், நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். அரித்தால் ஈரத்துணியை வைத்து அழுத்துங்கள்.

போன வாரம்தான் இரவு முழுக்கத் தூங்கினேன்.