எல்.டி.எச். 640 வந்திருக்கு, பரவிடுச்சுன்னு அர்த்தமா?

கேள்வி – தென்காசி அம்மா
பையனுக்கு 11 வயசு. வலது தொடை எலும்பில் ஈவிங் சர்கோமாங்கிற புற்றுநோய். கீமோ இன்னும் தொடங்கலை. ரத்தத்துல எல்.டி.எச்.னு ஒரு என்சைம் பார்க்கிறாங்க, போன வாரம் 410, நேத்து 640. 'இது ஏறினா பரவிருச்சுன்னு அர்த்தம்'னு பக்கத்து பெட் பையனோட அப்பா சொன்னார். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. சர்க்கரையை நிறுத்தினா குறையுமா?

லேப்காரன்
அக்கா, நான் 19 வருஷமா லேப்ல இருக்கேன். நேத்து நரம்பு கிடைக்காம ரெண்டு மூணு தடவை குத்தினாங்களா? ரிப்போர்ட் அடியில 'ஹீமோலைஸ்டு'ன்னு, அதாவது சிவப்பணு உடைஞ்ச ரத்தம்னு, பொடி எழுத்துல இருக்கா பாருங்க. சிவப்பணுவுக்குள்ளயே இந்த என்சைம் நிறைய உண்டு. சிரிஞ்சை வெடுக்குனு இழுத்தா அணு உடையும். வைக்கோல் நிறத்துல வரவேண்டிய சீரம் தர்பூசணி ஜூஸ் மாதிரி நிக்கும். அதுல போட்டா எல்.டி.எச். எகிறத்தான் செய்யும்.

அதுக்காக இது சும்மா நம்பர்னும் சொல்ல மாட்டேன். குளுக்கோஸ் உடைஞ்சு வர்ற பைருவேட்டை லாக்டேட்டா, அதாவது லாக்டிக் அமிலமா, மாத்துற என்சைம் இது. ஆக்சிஜன் இருந்தாலும் புற்றணு குளுக்கோஸை இந்த வழியில எரிக்கும்னு ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920-கள்லயே காட்டிட்டார். ஈவிங்ல பெரும்பாலும் 11-ஆம், 22-ஆம் குரோமோசோம் துண்டு மாறி ஒட்டி ஒரு ஜீன் உருவாகுது இல்லையா, அதுவே இந்த என்சைமை முடுக்கி விடுது. வெளியே கசியுற லாக்டிக் அமிலம் சுத்தியிருக்கிற திசுவை அரிச்சு, அணு நகர வழி பண்ணும். பரவின பிள்ளைங்களுக்கு இது கூடுதலா இருக்கிறது உண்மைதான். ஆனா பரவியிருக்கான்னு சொல்றது நெஞ்சு சி.டி.யும் பெட் (PET) ஸ்கேனும்தான்.

சர்க்கரையை நிறுத்தாதீங்க. சாப்பாடு குறைஞ்சா உடம்பு தசையைக் கரைக்கும், அதை வெச்சு கல்லீரல் குளுக்கோஸ் செய்யும். எடை குறைஞ்ச உடம்பு கீமோவைத் தாங்காது.

பயோகெம் மாணவன்
அண்ணா, அந்த என்சைமையே மருந்தால அடைச்சா என்ன?

லேப்காரன்
எலியில பார்த்திருக்காங்க தம்பி, கட்டி வளர்றது குறைஞ்சுது. ஆனா ஆக்சிஜனை வெச்சு சக்தி செய்யுற மைட்டோகாண்ட்ரியா சிவப்பணுவுக்குக் கிடையாது, அதோட பிழைப்பே இந்த வழிதான். மருந்து கொடுத்தா அதுவும் உடையுது.

தென்காசி அம்மா
மூணு தடவை குத்தினாங்க தம்பி. நீங்க சொன்ன வார்த்தையும் அடியில இருக்கு. இன்னிக்குத் திரும்ப எடுத்ததுல 435. அதிகம்தான். புதன்கிழமை பெட் ஸ்கேன். இட்லிக்குச் சீனி தொட்டுத்தான் சாப்பிடுவான், நேத்து வெச்சுக்கொடுக்கலை. காலையில கொடுத்துட்டேன், நாலு இட்லி சாப்பிட்டான்.