120 பக்கத்துக்கு 41 எம்பி பிடிஎஃப்: உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது?

அரைகுறை நிரலன்:
எங்கள் தொழிற்கூடத்தில் 120 இயந்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் மாதம் ஒரு பக்கப் பரிசோதனை அறிக்கை. நான் எழுதிய நிரல்தான் அதைத் தயாரிக்கிறது: ஒரு பக்கத்துக்கு ஒரு பிடிஎஃப், கடைசியில் எல்லாவற்றையும் கோத்து ஒரே கோப்பு. பக்கத்தில் இருப்பதெல்லாம் ஒரு அட்டவணையும் மூலையில் 3 செமீ லோகோவும்தான். ஆனால் கோப்பு 41 எம்பி! மின்னஞ்சலில் போக மறுக்கிறது. ஜிப் செய்தால் 40 எம்பி. கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பிடிஎஃப் மென்பொருளில் 'ஸ்கிரீன்' என்ற தர அமைப்பைப் போட்டால் நன்றாகவே இளைக்கிறது, ஆனால் லோகோ மழையில் நனைந்த சுவரொட்டி மாதிரி ஆகிவிடுகிறது. வேறு வழி உண்டா?

பழைய அச்சுக்காரன்:
'ஸ்கிரீன்' படங்களை 72 டிபிஐக்கு, அதாவது அங்குலத்துக்கு 72 புள்ளிக்கு, இறக்கிவிடும், அதனால்தான் கலங்குகிறது. 'ஈபுக்' என்றால் 150, 'பிரிண்டர்' என்றால் 300. 'பிரிண்டர்' போட்டுப் பாருங்கள், இந்த மாதத்துக்குத் தாங்கும்.

வரிசை எண் 9:
அது வலி மாத்திரை. முதலில் எங்கே வலி என்று பாருங்கள். பாப்ளர் என்ற பிடிஎஃப் மென்பொருள் தொகுப்போடு வரும் 'பிடிஎஃப்இமேஜஸ்' கருவியை 'லிஸ்ட்' விருப்பத்தோடு ஓட்டினால் பக்கவாரியாகப் படங்களின் பட்டியல் வரும். அதில் 'ஆப்ஜெக்ட்' என்ற பத்தியைப் பாருங்கள். எல்லாப் பக்கத்திலும் ஒரே எண் என்றால் லோகோ ஒரு முறைதான் உள்ளே இருக்கிறது. எண் மாறிக்கொண்டே போனால் 120 லோகோ சுமக்கிறீர்கள். நீங்கள் கோக்கும் விதத்தைப் பார்த்தால் அதுதான் என்று தோன்றுகிறது. தனித்தனிக் கோப்புகளைக் கோக்கும்போது பல கருவிகள் ஒரே படமா என்று பார்ப்பதில்லை.

ஜிப் ஏன் உதவவில்லை என்றால், உள்ளே இருப்பது ஏற்கெனவே அதே முறையில் சுருக்கப்பட்டதுதான். தவிர, முன்பு வந்ததே மறுபடி வருகிறதா என்று ஜிப் 32 கேபி தூரம்தான் திரும்பிப் பார்க்கும். அடுத்த லோகோ அதைவிடத் தொலைவில் இருந்தால் அதன் கண்ணில் படாது.

எழுத்துருவையும் பாருங்கள். அதே தொகுப்பில் உள்ள 'பிடிஎஃப்ஃபாண்ட்ஸ்' கருவியின் பட்டியலில் 'எம்ப்' என்பதற்குக் கீழே 'யெஸ்', 'சப்' என்பதற்குக் கீழே 'நோ' என்றிருந்தால், நீங்கள் தொடாத எழுத்துகளும் சேர்த்து முழு எழுத்துருவே உள்ளே போகிறது.

அரைகுறை நிரலன்:
சொன்னது சரி, சார். 120 லோகோ, 120 வேறு எண். அதைவிட வெட்கக்கேடு பக்கத்துப் பத்தியில்: 3 செமீ இடத்துக்கு 2400 பிக்சல் படம், அதாவது 2032 டிபிஐ. வடிவமைப்பாளர் கொடுத்ததை அப்படியே செருகியிருக்கிறேன். ஒன்று 260 கேபி, நூற்றிருபதும் சேர்ந்து 31 எம்பி. எழுத்துரு முழுசாக 80 கேபி, அதுவும் 120 தடவை.

இப்போது கோக்கும் வேலையே இல்லை. ஒரே ஆவணத்தைத் திறந்து பக்கங்களைச் சேர்த்துக்கொண்டே போகிறேன். லோகோவை 360 பிக்சலாக்கி, பக்கங்களை உருவாக்கும் சுழலுக்கு (லூப்) வெளியே ஒரே ஒரு முறை ஏற்றுகிறேன். எழுத்துருவில் தேவையான எழுத்துகள் மட்டும். கோப்பு 420 கேபி!

பழைய அச்சுக்காரன்:
அச்சில் லோகோ எப்படி வருகிறது?

அரைகுறை நிரலன்:
பழையதையும் புதியதையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எது எது என்று எனக்கே தெரியவில்லை, பின்பக்கம் பென்சிலில் குறித்து வைக்க வேண்டியிருந்தது.