கோத்தகிரி வீட்டு முன்னாடி சரிவுல பழைய மாதிரி தோட்டம், யாராச்சும் வழி சொல்லுங்க

கோத்தகிரி வீடு:
வணக்கங்க. கோத்தகிரி பக்கம் தாத்தா கட்டின ஓட்டு வீடு, முன்னாடி ஆறு சென்ட் சரிவு. பாட்டி இருந்தப்ப மூணு படியா கல் கட்டு, ஓரத்துல டேலியா, ஹைட்ரேஞ்சியா, திண்ணைல பழைய எண்ணெய் டின்ல ஜெரேனியம்னு பாக்கவே அவ்ளோ அழகா இருக்கும். இப்ப முழுக்க உண்ணிச்செடி மூடிக் கெடக்கு, போன மழைல நடுக்கட்டு பத்தடி சரிஞ்சும் போச்சு. காண்ட்ராக்டர் ஒருத்தர் வந்து பாத்துட்டு எல்லாத்தையும் சமமாக்கி கான்கிரீட் சுவர், பேவர் பிளாக், நடுவுல லான் போட்ரலாம்ங்கறார். எனக்கு மனசே வரல. பாட்டி வெச்ச மாதிரியே திரும்பக் கொண்டுவர முடியுமாங்க?

குன்னூர்காரன்:
தாராளமா முடியும்ங்க, தயவுசெஞ்சு சமமாக்கிடாதீங்க. மொதல்ல, இங்க ஜேசிபி இறக்கவே பர்மிஷன் வேணும். அதவிட முக்கியம் தண்ணி. மலைல தோட்டம்னா செடி ரெண்டாவதுதான், மழைத்தண்ணி எந்தப் பக்கம் இறங்குதுன்னு பாத்துட்டுதான் படியே போடணும். எங்க குன்னூர் சிம்ஸ் பார்க்க பாருங்க, 1874ல போட்டது, பள்ளத்த மூடாம அந்தச் சரிவோடயே அடுக்கடுக்கா இறங்கும்.

சரிஞ்ச கட்ட சிமெண்ட் இல்லாமயே திரும்பக் கட்டலாம், விழுந்த கல்லே போதும். பெரிய கல்லு அடியில, நீளக் கல்லா பாத்து மண்ணுக்குள்ள போற மாதிரி அங்கங்க ஒண்ணு, சுவர் நேரா நிக்கக் கூடாது, ஒரு அடி உயரத்துக்கு ரெண்டு இன்ச் மேட்டுப் பக்கமா சாயணும், பின்னாடி முழுக்க சில்லிக்கல்லு, அதான் சின்னச் சின்ன ஒடைகல்லு. மண்ணப் போட்டு அடைச்சா தண்ணி தேங்கி உப்பி மறுபடி சரியும், எங்க வீட்லயே அப்படித்தான் ஆச்சு, ஆள் அவசரத்துல பின்னாடி வெறும் மண்ண ரொப்பிட்டுப் போய்ட்டார், அடுத்த ஐப்பசி மழை தாங்கல. ஒவ்வொரு படிக்கும் உள்பக்கமா ஒரு சின்ன வாய்க்கால் விடுங்க.

உண்ணிச்செடிய ஒரே நாள்ல புடுங்காதீங்க. வேரோட எடுக்கணும், ஆனா மழை ஓஞ்சப்புறம் தை, மாசில ஒவ்வொரு படியா. வெறும் மண்ணா விட்டா மழைக்கு அத்தனையும் ரோட்டுக்குப் போய்டும்.

கொடைக்கானல் அக்கா:
தம்பி, செடி விஷயத்துக்கு நான் சொல்றேன். எங்க வீட்ல ஒரே ஹைட்ரேஞ்சியாவுல வெட்டின குச்சி ரெண்டு எடத்துல வெச்சோம். கல் கட்டு ஓரம் வெச்சது நல்ல நீலம், சிமெண்ட் சுவர் ஓரம் வெச்சது ரோஸ். நம்ம மண்ணு புளிப்பு மண்ணு, அதனாலதான் நீலம் வருது, சிமெண்ட்ல இருக்கற சுண்ணாம்பு எறங்கினா நெறம் மாறிடும். பாட்டி வீட்டு நீலம் வேணும்னா காண்ட்ராக்டருக்கு வேற பதிலே சொல்ல வேண்டாம், அந்தச் செடியக் காட்டுங்க.

டேலியா கிழங்க பனி முடிஞ்சதும் நடுங்க. ஜெரேனியம் டின்ன டிசம்பர், ஜனவரில ஓட்டுக்கு அடியில நகத்திடுங்க, ஊட்டி பொட்டானிக்கல் கார்டன்லயே பனிக்காலத்துல மிலார்ங்கற செடியோட கிளைய வெச்சு மத்த செடிய மூடுவாங்க. கீழ்ப்படிலதான் குளிர் தேங்கும், அங்க மென்மையான செடி வேண்டாம். அங்க தவுட்டுப்பழம் வெச்சுப் பாருங்க, நம்ம காட்டுச் செடி, பூவும் ரோஸ் கலர்ல வரும், பழத்துக்குக் குருவியும் வரும்.

ஊட்டி:
லான் வேண்டவே வேண்டாம்ங்க. பச்சப் புல்லு பரப்பினா ராத்திரில காட்டெருமை வந்து நிக்கும், வயசானவங்க இருக்கற வீடுன்னா இன்னும் யோசிங்க.

கோத்தகிரி வீடு:
ரொம்ப நன்றிங்க அக்கா, அண்ணா. நேத்து ஊருக்குப் போய் கீழ்ப்படில கொஞ்சம் மட்டும் வெட்டிப் பாத்தோம், அடிக்கட்டு ஒரு கல்லு அசையல, பின்னாடி தோண்டினா அண்ணா சொன்ன அதே சில்லிக்கல்லு, உள்பக்கம் வாய்க்கால் கூட இருக்கு, மண்ணு மூடி எங்களுக்கே தெரியாமப் போச்சு. அம்மா ஒரு மூலைல உக்காந்து கையாலயே மண்ண அள்ளிட்டு இருந்தாங்க, காஞ்ச குச்சியா ஒரு ஹைட்ரேஞ்சியா, அடியில ரெண்டு துளிர். கான்கிரீட் வேண்டாம்னு காண்ட்ராக்டர்கிட்ட சொல்லிட்டேன். சிமெண்ட் இல்லாம கல் கட்டத் தெரிஞ்ச ஆள் கோத்தகிரி பக்கம் யாராச்சும் இருந்தா சொல்லுங்க, தை பொறந்ததும் வேலைய ஆரம்பிக்கணும்.